இல்லாட்டிலும் ஓடும்

அரையிறுதிக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம்.
நாவாந்துறையில், ஐஸ் பெட்டி அடுக்கிய கடையின் பின்னறையில்
ஓர் ஒலிபரப்பியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
கல்லும் சீமெந்தும் இல்லை.
மூன்று வருட இரவுகளில் எழுதி
யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று
திறந்து வைத்த மூலநிரல்.
இந்த மடிக்கணினி அதற்குப் புது வீடு.
ஆகவே முதலில் விசாரணை.

ஓப்பஸ் உண்டா? இல்லை.
ஃபிளாக்? இல்லை.
மறைகுறியாக்கம்? பழைய பதிப்பு, சரிவராது.
வோர்பிஸ்? உண்டு.

கேட்டுப் பார்க்கும்; இல்லையென்றால்
முகம் சுழிக்காமல் அடுத்த படலைக்குப் போகும்.
சில நிரல்கள் ஒரு நூலகம் குறைந்தாலே
செத்தவீட்டில் விழுந்து புரளுமாப்போல்
திரை நிறையச் சிவப்பாய் அழும்.
என்னுடையது அழக்கூடாது.
எனக்கிருந்த ஒரே கொள்கை அதுதான்.

மெற்றில்டா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
காலையில் மீனவர் சங்கத்தில் கணக்கு,
பின்னேரம் உதைபந்தாட்ட வர்ணனை.
"இவ்வளவு இல்லையெண்டு காட்டுது, ஓடுமோ?"
"ஓடும். அதுகள் இல்லாட்டிலும் ஓடும்."
"அப்ப பிறகேன் கேக்குது?"

பதில் தேடுவதற்குள்
நிரல் ஓடிற்று,
மூன்று விநாடி.
பிறகு விழுந்தது.

ஓப்பஸ் இல்லாத பாதையில்
ஒரு வெற்றுச் சுட்டி.
யாரும் அந்த வழியாய் நடந்ததில்லை, நானும்தான்.
எல்லாம் நிறைந்த என் அறைக் கணினியில் சோதித்துவிட்டு
இல்லாட்டிலும் ஓடும் என்று
மூன்று வருடமாய் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐந்து நாற்பதுக்கு ஒரு வரி திருத்தினேன்.
ஆறு பத்துக்கு இன்னொன்று.
மெற்றில்டா மைக்கைத் தட்டி
"ஹலோ, ஹலோ, கொடிக் கம்பத்தடியில் நிக்கிற மோட்டச்சைக்கிள் ஆற்றை?" என்றாள்.
கேட்போர்: ஏழு.

ஏழில் ஒருவன் கிளின்ரன்.
ஒன்பதாம் இலக்கச் சட்டை.
கால் இறுதியில் முழங்கால் போய்
பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு கிடக்கிறான்.
இடைவேளைக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், வெடிச் சத்தம் இஞ்ச நேராக் கேக்குது.
உன்ர வர்ணனை பதினொரு விநாடி பிந்தித்தான் வருது."
"சேமிப்பு இடைவெளி. குறைச்சா அறுந்து அறுந்து வரும்."
"அதில்லை. வெடி ஆரும் கொளுத்தலாம்.
நாங்கள் அடிச்சதோ, குருநகர் அடிச்சதோ தெரியாது.
பதினொண்டு எண்ணுறன்.
பக்கத்துக் கட்டில் ஐயாவும் சேர்ந்து எண்ணுறார்,
அவருக்குப் பந்து எண்டா என்னெண்டே தெரியாது."

பிறகு கேட்டான்:
"என்ர இடத்தில் ஆர்?"
"பவுலின்ர தம்பி."
"ஓடுறானோ?"
"ஓடுறான்."
அதன்பின் வந்த மௌனத்துக்கு
என் நிரல் பொறுப்பில்லை.

எழுபத்தெட்டாம் நிமிடம் வெடி.
நான் மைதானத்தில் நின்றும்
பந்தைப் பார்க்கவில்லை,
திரையில் அந்த ஏழைப் பார்த்து எண்ணினேன்.
எட்டு, ஒன்பது, பத்து.
இப்போது மெற்றில்டாவின் குரல் வார்ட்டுக்குள் உடையும்:
பவுலின்ர தம்பி, பவுலின்ர தம்பி!

ஆட்டம் முடிந்து சனம் கலைந்தது.
மெற்றில்டா கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்,
மைக்கை நிறுத்த மறந்து.
கேட்போர் நான்கு, இரண்டு,
ஒன்று.

பிளாஸ்ரிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகும் சத்தம்.
யாரோ தன் செருப்பைத் தேடித் திட்டுகிறான்.
ஜெனரேற்றர் இருமி அடங்குகிறது.
இதையெல்லாம் பதினொரு விநாடி பிந்தி
ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மடிக்கணினியில் பற்றரி பதினான்கு வீதம்.
மூடவில்லை.